தறப்பாள் பாட்டு ஏழாவது இடமாம்

அரிப்பு, மன்னார்,
ஆகஸ்ட் 2013.

அன்புள்ள எடித் அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தம்பி அமிர்தநாயகம் எழுதிக்கொள்வது. அந்தோனியாரின் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் இங்கே நல்ல சுகம். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடும் சுகம், குசினிப் பக்கத்துக் கூரையைத் தவிர. பிரான்சுக் குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று என் மனுசி அன்ரோனெற் ஒவ்வொரு பூசையிலும் கேட்டு வேண்டிக்கொள்கிறாள். நிற்க. நீங்கள் ஒழுங்குபண்ணிய சம்பந்தத்தைப் பற்றிப் பேசாலையிலிருந்து உங்களுக்குத் தொலைபேசி வந்திருக்கும், அதில் என் மகள் நிறஞ்சலா தேத்தண்ணித் தட்டத்தைத் திருப்பிக் கொண்டுபோனாள் என்று சொல்லியிருப்பார்கள். அது உண்மை. ஆனால் ஏன் கொண்டுபோனாள் என்று அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள், சொன்னாலும் உங்களுக்கு விளங்கியிருக்காது. எனக்கே விளங்க நெடுநாள் பிடித்தது. ஆகையால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

அத்தானின் ஒன்றுவிட்ட தங்கச்சி றஞ்சிதமும் மகன் றொட்னியும் ஞாயிறு பூசை முடிய பேசாலையிலிருந்து வந்தார்கள். பொடியனைக் கண்டவுடனேயே எனக்குப் பிடித்துவிட்டது. வள்ளத்து இஞ்சின் திருத்துகிற தொழில், நகத்திடுக்கில் கொஞ்சம் எண்ணெய், அதை மறைக்காமல் கையை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தார். ஆனால் பேச்சு ஓடவில்லை. கடல் எப்படி என்று கேட்டேன், பரவாயில்லை என்றார். இஞ்சின்கள் எப்படி என்று கேட்டேன், பரவாயில்லை என்றார். நிறஞ்சலா அறைக்குள்ளிருந்து தட்டத்தோடு வந்து, தலையைக் குனிந்தபடி நின்றாள். அவள் முன்பள்ளியில் முப்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் இருத்துகிறவள், தலை குனிவது எனக்கே புதினமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து றொட்னியின் கைத்தொலைபேசி அடித்தது. அடித்தது என்று சொல்லக்கூடாது, இருமியது. எண்ணெய் முடிந்த இஞ்சின் கடலுக்கு நடுவில் கக்குகிற சத்தம். அன்ரோனெற் பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டருக்கு என்னவோ என்று எழும்பிவிட்டாள். நிறஞ்சலா மட்டும் தலையை நிமிர்த்தினாள்.

"இது ஆவுளியா தானே?" என்றாள்.

"ஓம். நீங்களும் கேக்கிறனீங்களோ?" என்றார் றொட்னி.

அக்கா, ஆவுளியா என்றால் நீங்கள் கடலில் புல் மேய்கிற அந்தப் பெரிய பிராணியை நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இது நாலைந்து பொடியள் சேர்ந்து நடத்துகிற றொக் பாட்டுக் குழு. உயிலங்குளத்தில் கூரை போன பழைய நெல் ஆலை ஒன்றுக்குள் பழகுகிறார்கள். சுபாஸ்கரன் என்கிற, வயல் செய்கிற கமக்காரர் வீட்டுப் பிள்ளை பாடுகிறான், கிற்றார் அடிக்கிறான். தனஞ்சயன் ட்ரம். மற்றப்படி எண்ணெய்ப் பீப்பா, தண்ணி இறைக்கிற மெசின், கம்பி வேலி, எது சத்தம் போடுமோ அது அவர்களுக்கு வாத்தியம். மன்னார் தொடங்கி வவுனியா வரைக்கும் இளசுகள் இவர்கள் பின்னால் திரிகிறார்கள். கச்சேரி என்றால் நான் கோப்புத் தூக்கிப் பென்சன் எடுத்த மன்னார் அரசாங்கக் கந்தோர்க் கச்சேரி ஒன்றுதான் எனக்குத் தெரியும், ஆகவே இதெல்லாம் எனக்குப் புதுக்கதை.

சரி, பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே குழுவுக்கு ரசிகர்கள் என்று தெரிந்ததும் கதிரையெல்லாம் லேசாகிவிட்டது போல இருந்தது. றஞ்சிதம் சிரித்தார். அன்ரோனெற் பயித்தம் பணியாரத்தைக் கொண்டுவந்தாள். நான் மனதுக்குள் கோயில் மண்டபத்தைப் பதிவு செய்துவிட்டேன். அப்போதுதான் நிறஞ்சலா கேட்டாள்:

"உங்களுக்கு எது முதலாவது?"

"அதில என்ன கேள்வி. 'இஞ்சின் நின்ற இடம்' தான்."

"அதுவோ? அது நல்லதுதான். ஆனா 'தறப்பாள்' இருக்கேக்க அது எப்பிடி முதலாவதா வரும்?"

"தறப்பாள் எனக்கு ஏழாவது," என்றார் பொடியன், பணியாரத்தைக் கடித்துக்கொண்டு.

"ஏழாவதோ?"

"ஏழு. இல்லாட்டி எட்டு."

றஞ்சிதம் பாவம், நல்ல மனுசி, "ரெண்டையும் முதலாவதா வைச்சால் என்ன பிள்ளையள்?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, "அப்பிடி வைக்கேலாது," என்றார்கள். நான் பார்த்தவரையில் அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விசயத்தில்தான். பிறகு நிறஞ்சலா அவருக்கு முன்னால் இருந்த தேத்தண்ணியை எடுத்துத் தட்டத்தில் வைத்து உள்ளே கொண்டுபோனாள். அவர் பாதிதான் குடித்திருந்தார். அவர்கள் போனபிறகு நான் அவளை ஏசினேன். பாட்டுக்காக ஒரு சம்பந்தத்தை விடுகிறதோ என்று கேட்டேன். "அப்பா, தறப்பாளை ஏழாவதா வைக்கிற மனுசனோட நான் என்னத்தைக் கதைச்சுச் சீவிக்கிறது?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

அப்பன் என்ற முறையில் சும்மா இருக்க முடியுமோ. அவளுடைய தொலைபேசியை வாங்கி, அந்த வயரைக் காதுக்குள் செருகி, என்னதான் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினேன். முதல் பாட்டு முடியும்வரை தொலைபேசி பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதில் ஒரு கழுதை கத்துகிறது, மன்னார் ரவுணில் நிற்கிற கழுதைதான், அதுக்குப் பின்னால் கிற்றார் அதே தொனியில் பதில் சொல்கிறது, கடைசியில் எது கழுதை எது கிற்றார் என்று தெரியாது. நான் தனிய இருந்து சிரித்துவிட்டேன். பிறகு தறப்பாள் வந்தது. அக்கா, உங்களுக்கு எப்படிச் சொல்ல. நீங்கள் தொண்ணூறிலேயே போய்விட்டீர்கள், இடம்பெயர்ந்து முகாமில் தறப்பாள் சீலைக் கூடாரத்துக்குக் கீழே இருந்ததில்லை. அந்தப் பாட்டில் முதலில் ஒன்றுமில்லை, காற்றுக்குத் தறப்பாள் அடிபடுகிற சத்தம் மட்டும். படபட என்று. அதுக்குள்ளிருந்து கிற்றார் மெல்ல எழும்பும். சுபாஸ்கரன் ஒரேயொரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறான்: "ஒரு பக்கத்தைப் பிடி, மற்றப் பக்கம் பறக்குது." அவ்வளவுதான் பாட்டு. நான் வயரைக் கழற்றி, சத்தமாக விட்டு, அன்ரோனெற்றையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "இதென்ன பாட்டு, சனம் அலட்டுற மாதிரி," என்று அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே மேசைவிரிப்பின் மூலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பாட்டு முடியும்வரை அவள் கையை விடவில்லை, அது அவளுக்குத் தெரியவும் இல்லை.

அதுக்குப் பிறகு றொட்னியின் பாட்டையும் கேட்டேன். இஞ்சின் கக்கிக் கக்கி நின்றுபோகும், பிறகு வெறும் கடல், வள்ளத்துப் பலகையில் தண்ணி தட்டுகிற சத்தம், யாரோ ஒருவர் மெல்ல விசிலடிக்கிறார், கரை எந்தப் பக்கம் என்று தெரியாத விசில். பொடியன் முதலாவதாக வைத்ததில் பிழை சொல்ல முடியாது. இதை மகளிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இந்த நேரத்தில் இங்கே மன்னார்த் தாராபுரத்தில் ரசிகர் கூட்டம் ஒன்று வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆவுளியாவின் பாட்டுக்களில் எது சிறந்தது என்று வாதாடி வரிசைப்படுத்துகிற கூட்டமாம். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து கணக்குப் படிப்பிக்கிற சபூரா ரீச்சரின் ரியூசன் கொட்டிலில். மகளைத் தனிய விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டு நானும் பஸ் ஏறினேன். உண்மையில் எனக்கும் ஆசை. கொட்டில் நிறையச் சனம். எதிர்ப்பக்க வாங்கில் பலகையில் றொட்னி, பேசாலையிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நிறஞ்சலாவுக்குப் பின்னால் முன்பள்ளி ரீச்சர்மார் ஒரு படை. சபூரா ரீச்சர் கையில் வெண்கட்டியோடு நின்று, "சத்தம் போடுறவையின்ட பாட்டுக்கு ஒரு புள்ளி குறைப்பேன்," என்று அறிவித்தார். அதுக்குப் பிறகும் சத்தம்தான். ஆனால் என்ன அருமையான சத்தம் அக்கா. ஒருவன் எழும்பி, ஒரு பாட்டில் வேலிக் கம்பியை வயலின் வில்லால் இழுக்கிற இடத்தில் தனக்கு இறந்துபோன அண்ணனின் சைக்கிள் பிரேக் கேட்கிறது என்றான். இன்னொரு பிள்ளை, அது தாங்கள் திரும்பி வந்து கேற்றைத் திறந்த சத்தம் என்றாள். இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள், பிறகு அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள், பிறகு திரும்பவும் சண்டை பிடித்தார்கள். கச்சேரியில் எத்தனையோ கூட்டம் பார்த்தவன் நான். ஒருவர் சொல்வதை மற்றவர் இவ்வளவு கவனமாகக் கேட்டுவிட்டு எதிர்த்த கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

முடிவில் இஞ்சினும் தறப்பாளும் சரிசமமாக நின்றன. சபூரா ரீச்சர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க ஒருத்தர்தான் இன்னும் சொல்லல்ல," என்றார். றொட்னி என்னைப் பார்க்கிறார். நிறஞ்சலா என்னைப் பார்க்கிறாள். மகளின் பாட்டைச் சொன்னால் சம்பந்தம் போச்சு, மாப்பிள்ளையின் பாட்டைச் சொன்னால் மகள் போச்சு. எழும்பினேன். வாயைத் திறந்தேன். வந்தது இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது பாட்டு.

"எனக்கு 'மெதுவா வா' தான் முதலாவது," என்றேன்.

கொட்டில் சிரித்தது. அந்தப் பாட்டை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. தனஞ்சயன் ட்ரத்தில் ஒரு அடி அடிப்பான், நிற்பான், அடுத்த அடி எப்போது வரும் என்று தெரியாது, ஒரு இடைவெளி மாதிரி மற்றது இராது. "மெதுவா வா, அந்தப் பக்கம் இல்லை," என்று சுபாஸ்கரன் குசுகுசுப்பான். கடைசியில் மட்டும் ட்ரம் திடீரென்று ஓட்டம் எடுக்கும். ஏன் அது என்று ரீச்சர் கேட்டார். நான் சொன்னேன். மிதிவெடி எடுத்து முடிந்தது, போகலாம் என்று எங்களை விட்ட அன்றைக்கு, எங்கள் வீட்டு வளவுக்குள் நான் முன்னால் நடந்தேன், என் கால்தடத்தில் அன்ரோனெற் கால் வைத்து வந்தாள், அவளுடைய தடத்தில் நிறஞ்சலா. எடுத்துவிட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் கால் நம்பவில்லை. கிணற்றடிக்குப் போனபிறகுதான் மூன்று பேரும் மூச்சு விட்டோம். பிறகு இவள், வளர்ந்த பிள்ளை, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வளவு முழுக்க ஓடினாள். வேலிக்கு வேலி ஓடினாள். அந்தக் காலடிச் சத்தம்தான் பாட்டின் முடிவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இருந்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஐயா, குறை நினைக்காதேங்கோ." பார்த்தால் சுபாஸ்கரன். நெல்லுத் தூசியோடு வந்து எப்போதிருந்தோ நின்று கேட்டிருக்கிறான். "அந்தக் கடைசித் துண்டு நாங்கள் நினைச்சுச் செய்ததில்லை. தனஞ்சயனுக்குக் கை உளைஞ்சு போச்சு, கெதியா முடிப்பம் எண்டு அடிச்சவன். நல்லா இருக்குதெண்டு விட்டிட்டம்."

"பிழையா வந்தாலும் சரியாத்தான் தம்பி வந்திருக்கு," என்றேன்.

"இனிமேல் நினைச்சு அடிக்கச் சொல்லுறன்," என்றான்.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மகளும் கலங்கியிருப்பாள் என்று திரும்பினேன். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அவள் எழும்பி, "அப்பா சொன்னது முழுக்க உண்மை. நான் ஓடினனான். அதுக்காக அந்தப் பாட்டை மேல வைக்கேலாது," என்றாள். எதிர் வாங்கிலிலிருந்து றொட்னி, "ஓம், நடுவில ட்ரம் பிசகுது மாமா," என்றார். "கிற்றாரும் இல்லை," என்றாள் இவள். "முதல் பத்துக்குள்ளயே வராது," என்றார் அவர். "பன்னிரண்டு," என்றாள் இவள். "நானும் பன்னிரண்டுதான் வைச்சிருக்கிறன்," என்றார் அவர். அப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பஸ்சுக்கு நடக்கும்போது எனக்கு முன்னால் இரண்டு பேரும் அருகருகே நடந்து போனார்கள், என் ரசனையில் உள்ள குறைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டு. அவர் என்னை மாமா என்று கூப்பிட்டதை நான் மட்டும்தான் கவனித்தேன் போலிருக்கிறது.

ஆகவே அக்கா, சம்பந்தம் சரி. றஞ்சிதம் போன கிழமை வந்து முழுத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். தை மாதத்தில் கலியாணம் வைப்பதாகச் சுவாமியாரோடு கதைத்திருக்கிறோம். நீங்களும் அத்தானும் இப்போதே ரிக்கெற்றைப் போடுங்கோ. நான் இதில் கற்றுக்கொண்டது, பிள்ளைகளின் பாட்டில் பெரியவர்கள் தலையிட்டு நான்தான் சரி என்று நிற்கக்கூடாது என்பது. எது முதலாவது, எது பன்னிரண்டாவது என்பதெல்லாம் எனக்கு இனி ஒன்றுதான். உங்கள் இரண்டு பேரையும் மடுமாதா தன் சேலைத் தலைப்பால் மூடிக் காப்பாளாக, முழங்காலுக்குத் தனியாக ஒரு ஆசீர்வாதம் தருவாளாக. அன்ரோனெற்றின் அன்பும் நிறஞ்சலாவின் முத்தங்களும்.

இப்படிக்கு,
என்றும் மாறாத தம்பி,
அமிர்தநாயகம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் ஒரு விசயம். கலியாண மண்டபத்தில் ஆவுளியா வந்து வாசிக்கச் சம்மதித்துவிட்டார்கள். சுவாமியார் ஒரேயொரு பாட்டுக்குத்தான் இடம் தருவாராம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் என்னைக் கேளாமல், தறப்பாளில் பாதியும் இஞ்சினில் பாதியுமாக ஒட்டி ஒரே பாட்டாக வாசிக்கும்படி சுபாஸ்கரனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 'மெதுவா வா' இல்லாமல் என் பிள்ளையை நான் கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப்போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். ஆகையால் ரிக்கெற் போட வேண்டாம். போட்டிருந்தால் வந்து அவர்களுக்குப் புத்தி சொல்லுங்கோ. அந்த இரண்டு பேரையும் ஒற்றுமையாக்கியதுதான் நான் செய்த பெரிய பிழை. முன்பென்றால் எனக்கு எதிராக ஆளுக்கொரு நியாயம் இருந்தது, இப்போது இரண்டு பேருக்கும் ஒரே நியாயம், அதுக்கு அன்ரோனெற்றும் தலையாட்டுகிறாள்.