ஈரத் துண்டும் நிர்மூலமும்

உலகத்தை அடியோடு நொறுக்கப் போவதாகத் தினமும் மாலை ஐந்து மணிக்கு மைக்கைப் பிடித்துச் சத்தியம் செய்கிறவன், குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டைக் கட்டிலில் போடக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? டுவேனுக்குத் தெரிந்து எந்தச் சட்டத்திலும் இல்லை. அவன் மனைவி யோலண்டாவின் சட்டத்தில் மட்டும் இருந்தது. அது பதினோரு வருடமாக அமலுக்கு வராமல் கிடந்தது.

டுவேன் சான் பெட்ரோ துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். அது வயிற்றுக்கு. மற்றபடி அவன் 'நிர்மூலம்' என்ற ஹார்ட்கோர் ராக் இசைக்குழுவின் பாடகன். பாடகன் என்றதும் பாடுவான் என்று நினைத்துவிட வேண்டாம். கத்துவான். கூட இருக்கும் மூன்று பேரும் பின்னால் நாய் துரத்துகிற மாதிரி வாசிப்பார்கள். ஒரு பாட்டு நாற்பது விநாடி. ஐம்பதைத் தொட்டால், "என்னடா, தாலாட்டா?" என்று கூட்டத்திலிருந்து குரல் வரும்.

"உங்க இசைக்கு யாரு தூண்டுதல்?" என்று எவனாவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் தொலைந்தான். பின்லாந்தில் பனிக்குள் வாசிக்கும் ஒரு குழு, இத்தாலியில் போலீஸ் விரட்டியடித்த ஒரு குழு, வாஷிங்டனில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்காத பையன்கள் என்று டுவேன் விரலை மடக்க ஆரம்பிப்பான். கேட்டவன் கடைசி பஸ்ஸை விட்டிருப்பான். ஆனால் உண்மையைச் சொன்னால், நிர்மூலத்துக்குக் கூட்டம் வந்தது பின்லாந்துக்காக அல்ல. டுவேன் தன் மனைவியைப் பற்றி எழுதிய ஏழு பாட்டுகளுக்காக. 'குப்பையைக் கொண்டு போய்ப் போடு', 'எங்கே கிளம்பிட்டே?', 'எங்க அம்மா போன் பண்ணாங்க' என்று ஏழு. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

யோலண்டா ஒரே ஒரு தடவை வந்து, கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள்.

"எப்படி?" என்றான் டுவேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பொய்யி."

"எது பொய்யி?"

"நான் அவ்வளவு மெதுவா பேசமாட்டேன்."

அவள் மீன் டப்பா அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே இருநூறு மெஷின்களுக்கு மேலே குரல் கொடுத்தால்தான் பக்கத்தில் இருப்பவளிடம் கத்தியை வாங்க முடியும். டுவேன் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. மீன் வாடையைப் பற்றி மட்டும் ஒரு பாட்டு எழுதியிருந்தான்.

அந்தக் கேசட் ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. பழுப்பு உறை. பேக்கர்ஸ்ஃபீல்ட் ஊரின் தபால்பெட்டி எண். ஜெராக்ஸ் எடுத்த அட்டை. குழுவின் பெயர் 'ஈரத் துண்டு'.

"பேரு நல்லாருக்கே! எங்கிருந்துதான் யோசிக்கிறாங்களோ!" என்று கட்டிலில் கிடந்த துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து டேப்பைத் தட்டினான்.

முதல் பாட்டு பத்தொன்பது விநாடி. முடிந்தபோது டுவேன் நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. டிரம் ஓடிய வேகத்தில் ஒரு பிசிறு இல்லை. கிட்டாருக்கு இரண்டே சுரம்தான் தெரிந்திருந்தது. ஆனால் அந்த இரண்டும் போதும், மூன்றாவது வீண் செலவு என்று தோன்றிற்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெண்குரல். அதற்கு மைக்கே வேண்டாம். அது கோபப்படவில்லை, கெஞ்சவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டே புயலாக ஓடியது.

"எங்க இருக்கு வெண்ணெய்?
பிரிட்ஜில!
பிரிட்ஜில எங்க?
உள்ள!"

அவ்வளவுதான் பாட்டு. டுவேனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கட்டின மனைவியின் குரல் அடையாளம் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். காதில் வாங்கியிருந்தால்தானே தெரியும்? பதினோரு வருடமாக அந்தக் குரல் வாயைத் திறந்ததும் இவன் காது தானாகக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

"யோலி! ஓடி வா! இதைக் கேளு!"

யோலண்டா ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "கேட்டேன்."

"இதுதான் ஹார்ட்கோர்! நாங்கெல்லாம் இவங்க கால் தூசிக்கு ஆகமாட்டோம்."

"அப்படியா? உன் பாட்டை விடவா?"

"பக்கத்துல வெச்சே பேசக் கூடாது. அந்தப் பொம்பளை குரலைக் கவனிச்சியா? இப்படி ஒரு குரலை என் வாழ்நாள்ல நான் கேட்டதே இல்ல."

"கேட்டதே இல்லதான்" என்றாள் யோலண்டா.

"அந்தப் புருஷனை நெனச்சாத்தான் சிரிப்பா வருது. எப்பேர்ப்பட்ட மக்கா இருப்பான்! பிரிட்ஜைத் திறந்து வெண்ணெய் எடுக்கத் தெரியல பாரு."

"ரொம்ப மோசம்."

"இப்படிப்பட்ட ஆளோட எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ?"

"பாட்டுப் பாடி நடத்துறா போலிருக்கு. சாப்பிட வா."

"இதோ வரேன். ஆமா, உப்பு எங்க இருக்கு?"

டுவேன் அன்று ஒரு பெரிய முடிவெடுத்தான். ஊரில் லெஸ்டர் என்று ஒருவன் சின்ன இசைத்தட்டுகள் போட்டு விற்றுக்கொண்டிருந்தான். 'ஒரு பக்கம் நீ பாடு, மறுபக்கத்துக்கு நல்ல குழு ஒண்ணைப் பிடிச்சிட்டு வா, தட்டு போட்டுத் தரேன்' என்று அவன் சொல்லி ஒரு வருடமாகிவிட்டது. நிர்மூலத்துக்கு இதுவரை தட்டு கிடையாது. சாவதற்குள் தன் குரல் ஒரு தட்டில் சுற்ற வேண்டும், அது ஒன்றுதான் டுவேனுக்கு இந்தப் பூமியில் மிச்சமிருந்த ஆசை. மறுபக்கத்துக்கு ஈரத் துண்டு வந்துவிட்டால்? உட்கார்ந்து நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினான். அதில் இரண்டு பக்கம் பின்லாந்து.

பதில் ஒரே வாரத்தில் வந்தது.

'நிர்மூலம் தோழர்களுக்கு. மேடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வாழ்கிறவர்களோடு நாங்கள் சேருவதில்லை. பாடகர் தினமும் பாத்திரம் கழுவ வேண்டும். குப்பையை அவரே கொண்டு போய்ப் போட வேண்டும். நீங்கள் வாசிக்கும் கராஜை செவ்வாயும் வியாழனும் வீட்டுப் பெண்ணுக்கு விட வேண்டும். இவை நடந்ததற்கு மனைவியின் கையெழுத்தோடு வாராவாரம் அத்தாட்சி அனுப்பவும்.'

டுவேன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "பாத்தியா யோலி? இதுதான் கொள்கை! வாசிக்கிறது மட்டும் இல்ல, வாழ்றதும் ஹார்ட்கோரா இருக்கணும்!"

"நான் சொன்னப்போ தொணதொணப்புன்னே."

"நீ சொன்னது வேற. இது இயக்கம்."

அன்றிலிருந்து டுவேன் பாத்திரம் கழுவினான். தட்டு கழுவினால்தான் தட்டு. வெள்ளிக்கிழமை தோறும் அத்தாட்சித் தாளோடு யோலண்டா முன்னால் வந்து நிற்பான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாணலியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள்.

"அடியில என்ன இது?"

"அது பழைய கறை. கையெழுத்தைப் போடு யோலி, தபால் போயிடும்."

"நான் பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன். அவங்க கொள்கைக்காரங்க."

டுவேன் மறுபடியும் தேய்த்தான். செவ்வாயும் வியாழனும் யோலண்டாவும் தொழிற்சாலைத் தோழிகள் மூன்று பேரும் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். துணி தைக்கிறார்களாம். டுவேன் அந்த நேரம் பார்த்து கடற்கரைக்குப் போய்விடுவான், கேசட்டும் ஹெட்போனுமாக. ஒருநாள் நிர்மூலத்தின் டிரம்காரன், "எவனோ என் ஸ்டூலை இறக்கி வெச்சிருக்கான்டா" என்று புகார் சொன்னான். "நீ குண்டாயிட்டே, ஸ்டூல் தானா இறங்கியிருக்கும்" என்று சொல்லி டுவேன் அவனை அனுப்பிவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து வந்த கடிதம்தான் குண்டு. 'உங்கள் நடத்தை திருப்தி. ஆனால் மனைவியைக் கிண்டல் செய்யும் ஏழு பாட்டும் தட்டில் வரக் கூடாது. முன்பக்கம் எங்களுக்கு.'

டுவேன் நாற்காலியில் சரிந்தான். "ஏழையும் எடுத்துட்டா எங்ககிட்ட இருக்கிறதே ரெண்டு பாட்டுதான் யோலி! ஜனங்க சிரிக்கிறதே அந்த ஏழுக்குத்தான்."

யோலண்டா ஆப்பிள் நறுக்கிக்கொண்டே யோசித்தாள். "ஆனா ஒண்ணு. 'குப்பையைக் கொண்டு போய்ப் போடு'ன்னு இனிமே நீ எப்படிப் பாடுவே? இப்பல்லாம் நீயேதானே போடறே? உண்மையில்லாததைப் பாடலாமா?"

ஹார்ட்கோரில் பொய் சொன்னவனை யாரும் மன்னிக்கமாட்டார்கள். ஏழு பாட்டையும் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தான். கண் கலங்கியது. ஆனாலும் அந்தக் குரலோடு ஒரே தட்டில் சுற்றப் போகிறோமே என்று நினைத்ததும் அந்தக் கலக்கத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது.

தட்டு வெளியான சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு மீனவர் சங்க மண்டபத்தில் நிகழ்ச்சி. முதலில் நிர்மூலம் தன் இரண்டு பாட்டையும் பாடி எண்பது விநாடியில் இறங்கியது. டுவேன் வாசலுக்கு ஓடினான், பேக்கர்ஸ்ஃபீல்ட் வேனை வரவேற்க. வேன் வரவில்லை. யோலண்டாதான் வந்தாள், மூன்று தோழிகளோடு, வேலை முடிந்த கையோடு. நாலு பேர் காலிலும் வெள்ளை ரப்பர் பூட்ஸ். தலையில் கொண்டை வலை.

"யோலி! நீயும் பாக்க வந்துட்டியா? முன்னாடி போய் நில்லு, அப்பத்தான் நல்லாத் தெரியும்!"

"முன்னாடிதான் நிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு யோலண்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையில் ஏறினாள்.

அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டோம் போலிருக்கிறது, அதை மைக்கில் சொல்லத்தான் ஏறுகிறாள் என்று டுவேன் பதறிப் போய் முன்வரிசைக்கு ஓடினான். அதற்குள் ஒரு தோழி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டூலைக் கீழே இறக்கினாள். குச்சியால் நாலு தட்டு. அவ்வளவுதான்.

மண்டபம் இடிந்து விழவில்லை என்பதை அப்புறம்தான் எல்லாரும் சரிபார்த்தார்கள். முந்நூறு பேர் ஒரே ஆளாகத் துள்ளினார்கள். யோலண்டா ஆடவில்லை, குதிக்கவில்லை. பூட்ஸை ஊன்றி நின்று, மெஷின்களுக்கு மேலே பேசிப் பழகிய அந்தக் குரலை எடுத்துவிட்டாள். சுவரில் மாட்டியிருந்த மீன்பிடிப் படகுகளின் படங்கள் அதிர்ந்தன. டுவேன் வாயைப் பிளந்தபடி நின்றான். இந்தக் குரல் பதினோரு வருடமாகத் தன் சமையலறையில் இருந்ததா? தன்னோடு சாப்பிட்டதா? இதையா கதவைச் சாத்தி வெளியே நிறுத்தி வைத்திருந்தோம்? அவனுக்குக் கோபம் வரவில்லை. பயமும் பெருமையுமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதான்.

அப்போது யோலண்டா குனிந்து, அந்தக் கூட்டத்தின் வழக்கப்படி, மைக்கை முன்வரிசையில் நின்றவனின் வாய்க்கு நீட்டினாள். நின்றவன் டுவேன்.

"பிரிட்ஜில எங்க?" என்று டுவேன் உயிரைக் கொடுத்துக் கத்தினான்.

"உள்ள!" என்றது மண்டபம்.

அவன் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எதையும் பாடியதில்லை. பக்கத்திலிருந்தவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஜெராக்ஸ் பத்திரிகை நடத்தும் ஒரு பெண் நோட்டும் பேனாவுமாக யோலண்டாவிடம் ஓடிவந்தாள். "உங்க இசைக்கு யாரு தூண்டுதல்?"

"மூணு பேரு" என்றாள் யோலண்டா. "எங்க கன்வேயர் பெல்ட்டு. எங்க ஃபோர்மேன். அப்புறம் வீட்டுக்காரர்."

ஃபோர்மேனுக்கு அப்புறமா என்று டுவேனுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பத்திரிகையில் வரப் போகிறதே என்று முடியைக் கோதிவிட்டுக்கொண்டான். அந்தப் பெண் போனதும் மெதுவாக மனைவி பக்கத்தில் நகர்ந்தான்.

"எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம்தான் யோலி."

"எப்போ வந்துச்சு ராசா?"

"அந்த... குரலைக் கேட்டப்பவே..."

"வாழ்நாள்ல கேட்டதே இல்லன்னியே?"

டுவேன் பேச்சை மாற்றினான். "பேக்கர்ஸ்ஃபீல்டுல யாரு?"

"என் சித்தி பொண்ணு. தபால் போடறதுக்கு."

"சரி, போகட்டும். இனிமே என்ன, ரெண்டு குழுவும் ஒரே குடும்பம். லெஸ்டர் சொன்னான், ஊர் ஊரா மூணு வாரம் போகணுமாம், ஓக்லாந்து, போர்ட்லாந்து, சியாட்டில் வரைக்கும்! புருஷன் பொண்டாட்டி ஒரே மேடையில! நெனச்சுப் பாரு!"

"நெனச்சுப் பாத்தாச்சு. லெஸ்டர் குடுத்த வேன்ல அஞ்சு பேருக்குத்தான் இடம்."

டுவேன் விரல் விட்டு எண்ணினான். "நீங்க நாலு பேரு. அப்ப எங்க குழுவில நான் ஒருத்தன் மட்டும் வந்து என்ன பாடறது?"

"பாடறதா?" யோலண்டா பூட்ஸிலிருந்த வேன் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "எங்க நாலு பேருக்கும் ஓட்டத் தெரியாது."

நிர்மூலத்தின் தலைவன் சாவியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"