கார் கதவைக் கொத்திய உத்தரவு

மயிலுக்குப் பக்தி உண்டு என்று நான் நம்பினேன். சின்ன வயதில் அல்ல. தலை பாதி நரைத்த பிறகு, பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் மோட்டார் ஏன் புகைகிறது என்று விஞ்ஞான விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்த வயதில்.

எங்கள் வீடு கிணத்துக்கடவைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில். இந்தப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமே இல்லை. தக்காளி நாற்றைக் கொத்தும்போது அதற்குப் பெயர் 'சனியன்'. கிருத்திகை அன்று மதில்மேல் உட்கார்ந்தால் 'முருகா!' மயில் ஒன்றேதான், நாள்தான் வேறு.

அந்த வைகாசியில் நீளத் தோகையோடு ஓர் ஆண் மயில் தினமும் காலையில் வந்து எங்கள் ஹால் ஜன்னலைக் கொத்த ஆரம்பித்தது. வெயிலுக்காகக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி அது. அதற்கு நேர் எதிரே, உள்சுவரில் முருகன் படம். எனக்கு இது போதாதா? சாமி கும்பிட வருகிறது, நாம் திறக்காததால் தட்டுகிறது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். ஜன்னலுக்குக் கீழே தினம் ஒரு கைப்பிடி பச்சரிசியும் போட்டேன். (போட்ட பிறகு அது ஒரு நாள்கூடத் தவறாமல் வந்ததை, பக்தி முற்றுவதாக எடுத்துக்கொண்டேன்.)

என் மகள் நித்யாதான் கெடுக்கப் பார்த்தாள்.

"அப்பா, வெளிய போயி நின்னு அந்தக் கண்ணாடியைப் பாருங்க. உங்க மூஞ்சி தெரியும். அதுக்கு அதோட மூஞ்சி தெரியுது. வேற மயிலுன்னு நெனச்சுச் சண்டைக்கு நிக்குது."

"அதுக்கு அதோட மூஞ்சி தெரியாதாக்கும்?"

"எப்பிடித் தெரியும்? அது என்ன, தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு மீசைக்கு மை அடிக்குதா?"

பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டேன். படித்த பிள்ளைகளிடம் ஆன்மிகம் பேசக்கூடாது.

நித்யாவுக்கு அப்போது வேறு கவலை. கூட வேலை பார்க்கும் பிரவீனைப் பிடித்திருக்கிறது என்று எங்களிடம் சொல்லி, நாங்களும் சரி என்றாகிவிட்டது. பையனின் அப்பாவும் சரி. அம்மா ருக்குமணியம்மாதான் மிச்சம். கோபிசெட்டிபாளையத்துக்காரர். தங்கமான மனுஷி, ஆனால் கோயிலில் பூ வாக்குக் கேட்காமல் கத்தரிச் செடிகூட நட மாட்டார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அவ்வளவுதான். அப்படிச் சிவப்பு வந்து நின்றுபோன சம்பந்தம் அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று உண்டு. அதனால் என் மகள் சரியாகச் சாப்பிட்டே ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். புதுக் கார். கன்னங்கரேல் என்று, பாலிஷ் போட்டுப் பளபளவென்று. பிரவீனின் அப்பா அதை ஜன்னலுக்கு நேராக நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் கதவை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் எங்களுக்கு வணக்கமே சொன்னார். பையன் பின்னாலேயே வந்து, "நல்லா இருக்கீங்களா சார்" என்றான். சார்! கடைக்கு பேரிங் வாங்க வந்தவன் மாதிரி.

உட்கார்ந்து பேசினோம். ருக்குமணியம்மா விஷயத்துக்கு வந்தார். "புள்ளை லட்சணமா இருக்குதுங்க. எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. போயி வாக்குக் கேட்டுப்போட்டு உங்களுக்குச் சொல்லியுடறனுங்க."

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். என் மனைவி சாந்தாமணி கண்ணாலேயே அதைத்தான் சொன்னாள்.

"ஏனுங்க, வாக்குக்கு எதுக்குங்க கோயிலுக்குப் போவோணும்?" என்றேன். "முருகனோட மயிலே தெனமும் இந்த ஊட்டுக்குச் சாமி கும்பிட வருதுங்க!" ஜன்னல், படம், தட்டுதல் எல்லாவற்றையும் விவரித்தேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். (தலை குனிந்து நிற்கும் என்றேன். அது அரிசி பொறுக்கும்போது.)

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிங்களா! அப்ப இன்னைக்கு அந்த மயில் என்ன சொல்லுதோ, அதுதானுங்க உத்தரவு."

காப்பித் தட்டோடு நின்ற நித்யா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "தாராளமாங்க" என்றேன்.

சொல்லி வைத்தாற்போல மயில் வந்தது. எல்லோரும் வாசலுக்கு எழுந்து போனோம். அது ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராகக் காரிடம் போனது. கதவின் முன்னால் நின்று தோகையை முழுசாக விரித்துச் சிலிர்த்தது.

"பாத்தீங்களா! ஆசீர்வாதம் பண்ணுது!" என்று கை கூப்பினேன்.

டக்!

கதவில் ஒரு கொத்து. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எகிறிக் குதித்து, இரண்டு காலாலும் கதவை ஓர் உதை.

"அய்யோ, என்ர வண்டி!" என்றார் பிரவீனின் அப்பா. அன்று காலையிலிருந்து அவர் சத்தமாகப் பேசியது அதுதான்.

ருக்குமணியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "முருகன் வேண்டாங்கறானாட்ட இருக்குதே."

சிவப்புப் பூவாவது இலைக்குள் இருக்கும். நான் சிவப்புப் பூவுக்குக் காலும் அலகும் வைத்து வாசலுக்கே வரவழைத்திருந்தேன். நித்யாவின் கண் நிறைந்துவிட்டது.

மயிலைச் சாந்தப்படுத்த வேண்டும். அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். உள்ளே ஓடினேன். விருந்தாளிகளுக்காகச் சாந்தாமணி முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்து வைத்திருந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து, அரிசியைக் கொட்டிக்கொண்டு மயிலுக்கு முன்னால் போய் நின்றேன். "முருகா, தெரியாமச் சொல்லிப்போட்டேனப்பா!" என்று குனிந்தேன். அரிசி முழுக்கக் கீழே கொட்டியது. பயத்தில் காலித் தாம்பாளத்தை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

மயில் காரை விட்டுத் திரும்பியது. தாம்பாளத்தை உற்றுப் பார்த்தது. பாய்ந்தது.

நான் ஓடினேன். முருங்கை மரத்தைச் சுற்றி நான், என் பின்னால் அது. பிடிக்க வரும்போதெல்லாம் தாம்பாளத்தைக் கேடயம் மாதிரி அதன் முகத்துக்கு நேராக நீட்டினேன். நீட்ட நீட்ட அதற்கு வெறி ஏறியது. வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்துவிட்டது. வாசலில் இருந்து சாந்தாமணி கத்தினாள்: "ஏனுங்க, பாத்துங்க! தாம்பாளம் நெளிஞ்சுபோடும்!" (புருஷன் நெளிந்தால் பரவாயில்லை.)

அப்போதுதான் பிரவீன் ஓடி வந்தான்.

"மாமா! அந்தத் தாம்பாளத்தைக் கீழ போடுங்க மாமா! அது அதைத்தானுங்க பாக்குது!"

கவிழ்த்துப் போட்டேன். மயில் சட்டென்று நின்றது. எதிரி எங்கே போனான் என்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. சிலிர்த்துக்கொண்டது. பிறகு போய், கொட்டிக் கிடந்த பச்சரிசியைப் பொறுக்க ஆரம்பித்தது. இதற்குள் நித்யா கொடியில் காய்ந்த பெட்ஷீட்டை எடுத்துக் கார் மேல் போர்த்திவிட்டாள்.

ருக்குமணியம்மா மகன் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, இப்ப அவரை என்னன்னு கூப்பிட்ட?"

பிரவீனின் காது சிவந்தது. "சாருன்னுதாம்மா..."

"எங்காதுல உழுந்துபோச்சு. மாமான்னு சொல்லிப்போட்ட. அதும் ரெண்டு தடவ." சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. "நீ கூப்பிட்ட பொறவு நான் எந்தக் கோயில்ல போயிக் கேக்கறது? வாங்க உள்ள, காப்பி ஆறுது. நீங்க மொதல்ல வேட்டியைக் கட்டுங்க சம்பந்தி."

சம்பந்தி என்றார். விருந்தாளிகளுக்கு வைத்த பலகாரத்தில் பாதியை நித்யா அவளே சாப்பிட்டாள்.

கல்யாணம் முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. 'உத்தரவு' என்று அந்தக் கீறலைக் காட்டிக்காட்டிச் சம்பந்தியம்மா ஊரெல்லாம் கதை சொல்கிறார். மதில்மேல் மயில் வந்து உட்கார்ந்தால், பேரப்பிள்ளைகள் ஓடிப்போய்த் தாம்பாளத்தை ஒளித்து வைக்கிறார்கள். நான் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மை அடிக்கும்போது மட்டும் மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, மரியாதையாகக் கேட்பார்: "உள்ள நிக்கறவரு யாருங்க மாமா? சொந்தமுங்களா, பகையுங்களா?"

நடந்தது இதுதான். ஆண் மயில் ஜோடி தேடும் காலத்தில், தன் இடத்தில் இன்னொரு ஆண் மயில் நிற்பதைப் பொறுக்காது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்பது அதற்குத் தெரியாது. அன்று அது கும்பிடவும் வரவில்லை, கோபித்துக்கொண்டும் வரவில்லை. ஜன்னலிலும் கார் கதவிலும் என் நெஞ்சிலும் அது பார்த்தது தன்னைத்தான்.