கண்டக்டரின் கட்டைவிரல்

"ஏய் பூங்காவனம், இங்க வா! வெளிச்சத்துல பாரு. நேத்தக்கி இன்னிக்கிக் கருப்பு கூடியிருக்கா இல்லையா?"

இடுப்புக் குடத்தை இறக்கி வைக்கக்கூட விடாமல், தர்மராஜ் தன் இடது கட்டைவிரலை மனைவியின் மூக்கடியில் நீட்டினான். நகத்தின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கருப்பு. பூங்காவனத்துக்கு மூச்சு வாங்கியது. தெருக்குழாயிலிருந்து வீடு வருவதற்குள் இப்போதெல்லாம் நின்று நின்றுதான் வர முடிகிறது. இந்த மனுஷனைக் கட்டி மேய்த்தால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது என்று அவளே ஒரு காரணமும் வைத்திருந்தாள்.

"அப்புடியேதாங்க இருக்கு."

"ஒழுங்காப் பாக்காம சொல்லாத. அரியமுத்து என்ன சொன்னான் தெரியும்ல?"

தெரியாமல் என்ன? பக்கத்து வீட்டு அரியமுத்துவின் பங்காளி ஒருவனுக்கு உடையார்பாளையத்தில் இப்படித்தான் நகத்தில் கருப்பு ஏறியதாம். மறு பொங்கல் பார்க்காமலே போய்விட்டானாம். அதைக் கேட்டதிலிருந்து தர்மராஜுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் டவுன் பஸ் கண்டக்டர் வேறு. ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோரிடமும் விரலைக் காட்டி, பை நிறைய யோசனையோடு வீடு திரும்புவான். யோசனை ஊராருடையது, பாடு பூங்காவனத்துடையது.

முதலில் நகத்தைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தான். கருப்பு போகவில்லை, தோல்தான் போனது. அதற்கு மருந்தாக, நகச்சுத்திக்குச் செய்வதுபோல எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகிக்கொண்டு பஸ் ஏறினான். டிக்கெட் கட்டைப் பிடிக்க முடியவில்லை.

"கண்டக்டரே, டிக்கெட்டோட ஊறுகாயும் உண்டா?" என்று கங்கைகொண்ட சோழபுரத்தில் ஏறிய ஒருவர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. பிளேடு காயத்தில் சாறு இறங்கியதில் சாயந்தரம் தெருவே கேட்கும்படி அலறினான்.

அந்த எரிச்சலுக்குக் காய்ச்சிய வேப்பெண்ணெய். "ஆறட்டுங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் விரலை முக்கிவிட்டான். கொப்புளித்தது. கொப்புளத்தின் சூடு தணிய மருதாணி.

மருதாணி பறிப்பதும் அரைப்பதும் யார் வேலை? பூங்காவனம் அம்மியில் குனிந்தாள். பாதியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து உட்கார்ந்து, முறத்திலிருந்த பச்சரிசியை ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"எப்பப் பாத்தாலும் அரிசி! அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை பெய்யும்பாங்க."

"நமக்குத்தான் ஆயிப்போச்சே. பெய்ஞ்சுட்டுப் போவட்டும்."

அரைத்த விழுது அவள் நகங்களிலும் தங்கிவிட்டது. கொஞ்ச நாளாக நகங்கள் நடுவில் பள்ளமாகி, ஓரம் நிமிர்ந்து, தொட்டால் உடைந்தன. சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற கை வேறு எப்படி இருக்கும் என்று கழுவிவிட்டு எழுந்தாள்.

காலையில் தர்மராஜின் விரல் சிவந்திருந்தது. கருப்பு கருப்பாகவே இருந்தது.

"என்ன மாப்ள, ரெண்டாங் கல்யாணமா?" என்று டிரைவர் ராசாங்கம் கேட்டதோடு அவன் மனம் உடைந்துபோனது. பாதி நாளில் வீடு திரும்பிப் பாயில் படுத்துக்கொண்டான்.

"நான் போயிட்டா உங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடு. என் காக்கிச் சட்டைய மட்டும் யாருக்கும் குடுத்துடாத."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது. ஒருவேளை அரியமுத்து சொன்னது நிஜமாக இருந்தால்? தொணதொணப்பாக இருந்தாலும் இந்தக் குரல் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"வெரல வெட்டிட்டா?"

"வெட்டுனா நான் கூட வந்து டிக்கெட் கிழிக்கிறேன். கெளம்புங்க."

அரியலூர் ஆஸ்பத்திரியில் திருவிழாக் கூட்டம். பை, குடை, தண்ணீர்ச் செம்பு எல்லாம் அவள் கையில். பெஞ்சில் ஓர் ஆள் உட்கார இடம் கிடைத்தது. நோயாளி அவன்தானே, அவன் உட்கார்ந்தான். அவள் தூணில் சாய்ந்து நின்றாள்.

டாக்டரம்மா நகத்தை அழுத்திப் பார்த்தார். "எங்கயாவது நசுங்குச்சா?"

"இல்லீங்க டாக்டர்."

"தைப்பூசக் கூட்டத்துல பஸ் கதவுல இந்த வெரலு மாட்டிக்கிச்சே" என்றாள் பூங்காவனம்.

"அது எப்பவோ!"

"அதேதான். அடியில ரத்தம் கட்டியிருக்கு. நகம் வளர வளர முன்னால நகந்து போயிடும். நகராம நின்னாலோ, கோடு மாதிரி அகலமானாலோ உடனே வாங்க. இப்ப புண்ணுக்கு மட்டும் களிம்பு தரேன். பிளேடு, பழம், எண்ணெய் எதுவும் இனிமே வேணாம்."

தர்மராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாத்தியா புள்ள, ஒண்ணும் இருக்காதுன்னு நான் அப்பவே சொன்னேன்!"

பூங்காவனம் மருந்துச் சீட்டை வாங்கக் கையை நீட்டினாள். டாக்டரம்மா சீட்டைக் கொடுக்காமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். செம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு அவள் நகத்தின்மேல் விட்டார். சொட்டு வழியவில்லை. கரண்டியில் நிற்பதுபோல் நின்றது.

"குடம் தூக்குனா மூச்சு வாங்குதாம்மா?"

"அது... இவரோட அலைஞ்ச அலுப்புங்க."

"அரிசி, சாம்பல்னு ஏதாவது திங்கத் தோணுதா?"

"எப்பப் பாத்தாலும் அரிசிதான் டாக்டர்! நீங்களாவது சொல்லுங்க" என்று உற்சாகமாக முந்திக்கொண்டான் தர்மராஜ்.

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"எந்திரிங்க சார், அவங்க உக்காரட்டும். ஒடம்புல ரத்தமே இல்ல, இன்னிக்கே பெட்டுல சேக்கணும். இத்தனை நாளா நீங்க தப்பான கையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."