கொசுறில் கவிழ்ந்த எலக்சன்

கொச்சி மட்டாஞ்சேரியில் கதவைத் தட்டாமலே எல்லா வீட்டுக் கதவும் திறக்கிறது என்றால் அது வீடு வீடாக இட்லி மாவு விற்கிற மாவு அக்கா ஒருத்திக்குத்தான். போலீஸ்காரர் வந்தாலும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார்கள். சிலிண்டர்காரர் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கட்சிக்காரர்கள் வந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று ஆளே வந்து சொல்லும். அக்காவின் ஸ்கூட்டர் ஹாரன் தெருமுனையில் கேட்டால் போதும், தெரு முழுக்கப் பாத்திரமும் கையுமாக வாசலுக்கு வந்துவிடும்.

அந்தப் பாத்திரங்களில் முக்கால்வாசி என் கடையில் வாங்கியவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, தலையில் அலுமினியச் சட்டி சுமந்து விற்றவன் நான். இன்றைக்கு மூன்று பாத்திரக் கடை. காலேஜ் படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அக்கா மாவு அளக்கிற எவர்சில்வர் கரண்டிகூட என் கடைச் சரக்குதான். இத்தனை வருஷத்தில் ஒரு நெளிசல் விழுந்ததில்லை.

அக்காவுக்கு ஆதார் அட்டையில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுதினால் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். வாயைத் திறந்தால் பாதி தமிழ், பாதி மலையாளம். வயதில் எனக்கு இளையவள். ஆனால் அக்கா என்று கூப்பிடாதவனுக்கு மாவு கிடையாது என்பதால் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

எவ்வளவு மாவு வேண்டும் என்று வாங்குகிறவர்கள் சொல்ல முடியாது. அக்காதான் சொல்வாள். "உன் மாப்பிள்ளை நேத்தே ஊருக்குப் போயாச்சு. உனக்கெதுக்கு ஒரு லிட்டர்? அரை லிட்டர் மதி." மதி என்றால் போதும் என்று அர்த்தம். அதற்குமேல் பேச்சு கிடையாது. சர்க்கரை வியாதிக்காரருக்கு எத்தனை இட்லி என்பதை முதலில் அக்கா முடிவு செய்வாள், டாக்டர் அப்புறம்தான்.

இது போதாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சட்டம். அன்றைக்கு ஆண்கள்தான் பாத்திரம் எடுத்துக்கொண்டு வரவேண்டும். பெண் கை நீட்டினால் கரண்டி வாளிக்குள் போய்விடும். "ஆறு நாள் அவ வந்து நின்னா. ஏழாம் நாள் நீங்க நின்னா கால் தேஞ்சா போகும்?" என்பாள். வக்கீல், டாக்டர், மிளகு மொத்த வியாபாரி எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். மூன்று கடை முதலாளி நானும் தூக்குவாளியோடு நின்றிருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மாவில் சுட்ட தோசையைச் சாப்பிட்டவனுக்கு மானம் ரோஷமெல்லாம் ரெண்டாம்பட்சம்.

இவ்வளவு அதட்டலையும் ஊர் பொறுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் கொசுறு. அளந்து ஊற்றி முடித்ததும், போகிற போக்கில் அரைக் கரண்டி மாவு சும்மா விழும். அது விழாமல் ஒரு வீட்டிலும் மூடி போட மாட்டார்கள்.

போன கார்ப்பரேஷன் எலக்சனில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். பழைய கவுன்சிலர் அரை நாள் துக்கம் காத்துவிட்டு, மறுநாளே தன் மனைவி ரெமாவை நிறுத்திவிட்டார். போஸ்டரில் ரெமாவின் படம் தபால்தலை அளவு, கணவர் படம் கதவு அளவு. யார் நிற்கிறார்கள் என்றே பலபேருக்கு விளங்கவில்லை.

அந்த வாரம் அக்கா என் கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, ஞான் நிக்கப் போறேன்."

"எதுக்கும்மா நிக்கணும்? உக்காரு, சாயா சொல்லுதேன்."

"சாயா வேண்டா. எலக்சன்ல நிக்கப் போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

"பஜார்ல இஞ்சி பொறுக்கற, மிளகு சலிக்கற பொம்பளைங்க எத்தனை பேரு? மீன் விக்கறவங்க, வீடு வீடா மாவு விக்கற நானு... விடிஞ்சதுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டுத் திரியறோம். ஆம்பளைங்களுக்குச் சுவர் இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு? ஒரே ஒரு லேடீஸ் டாய்லெட். அதைக் கட்டத்தான் நிக்கறேன்."

"நல்ல காரியம்தான். ஆனா எலக்சன்னா கொஞ்சம் பெருசாச் சொல்லணும்க்கா. மட்டாஞ்சேரிக்கு மெட்ரோ கொண்டாருவேன்னு அடிச்சு விடு."

"மெட்ரோ வந்தா? அதுல ஏறி திருப்பூணித்துறைக்குப் போய் ஒண்ணுக்கு இருந்துட்டு வரணுமா?"

அந்த நிமிஷமே பிரச்சாரப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. திறமை உள்ளவன் கொடுக்கிற வரைக்கும் காத்திருக்க மாட்டான்.

சின்னத்துக்கு கிரைண்டர் கேட்டோம். பட்டியலில் இல்லை என்று ஃபுட்பாலைக் கொடுத்துவிட்டார்கள். கலூர் ஸ்டேடியத்தில் மேட்ச் என்றால் வேலையை விட்டுவிட்டு ஓடுகிற ஊர் இது. அதனால் எனக்குத் திருப்திதான். போஸ்டருக்குப் பந்தைக் கையில் கொடுத்து நிற்கச் சொன்னோம். அக்கா பழக்க தோஷத்தில் அதைத் தண்ணீர்க் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போட்டோகிராபர் எவ்வளவு சொல்லியும் பந்து இடுப்பைவிட்டு இறங்கவில்லை. கடைசியில் அந்தப் படம்தான் ஊரெல்லாம் ஒட்டியது. பையன்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

வாக்குறுதிகளை நாங்கள் உட்கார்ந்து எழுதவில்லை. மாவு ஊற்றும்போதே வீட்டுக்கு ஒரு குறை கேட்டாள் அக்கா. சாக்கடைக்கு மூடி, கொசு மருந்து, மனுஷன் விழித்திருக்கிற நேரத்தில் குழாய்த் தண்ணீர் என்று வந்தது. எல்லாவற்றையும் மனசில் வைத்திருந்து தெருமுனைக் கூட்டத்தில் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். "ஒரு வீட்டில மாமியாரை வேற வார்டுக்கு மாத்தித் தரச் சொன்னாங்க. அது கார்ப்பரேஷன் கையில இல்லை, மன்னிக்கணும்" என்று அதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். கூட்டத்திலிருந்த மாமியார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி மருமகள்களைப் பார்த்தார்கள். அன்றைக்கு எங்கள் வார்டில் விசாரணை நடக்காத வீடே இல்லை.

அப்புறம் குடியிருப்போர் சங்கத்தார் வேட்பாளர்கள் எல்லாரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். அக்கா எழுந்து மைக்கைப் பிடித்து நேராக ரெமாவிடம் கேட்டாள். "ரெமா, பஜார்ல லேடீஸுக்கு டாய்லெட் வேணுமா வேண்டாமா? நீ என்ன நினைக்கறே?"

பழைய கவுன்சிலர் எழுந்தார். "எங்களுடெ பார்ட்டி இதினெப்பற்றி..."

"சேட்டா, உங்ககிட்ட ஞாயிற்றுக்கிழமை பேசறேன். இப்போ ரெமாகிட்டதான் கேட்டேன்."

ஹால் குலுங்கிச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ரெமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் வாயைத் திறந்தாள், கணவரைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அக்கா அசையவில்லை. சங்கத் தலைவர் பெல்லை அடித்துக் கூட்டத்தை முடிக்கிற வரைக்கும் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றாள்.

பழைய கவுன்சிலரின் முகம் கல்லில் மறந்துபோன தோசை மாதிரி ஆகிவிட்டது. மறுநாளே புகார் போனது: ஃபுட்பால் வேட்பாளர் வீடு வீடாக இலவசமாக மாவு கொடுத்து வாக்காளர்களை வளைக்கிறார்.

விசாரிக்க ஒரு ஆபீசர் வந்தார். இடப்பள்ளிக்காரர். மாலில் பாக்கெட் மாவு வாங்கிச் சாப்பிடுகிற மனிதர். அவருக்கு எங்கள் ஊர் வழக்கம் எங்கே தெரியப்போகிறது? அக்கா அளந்து முடித்து அரைக் கரண்டியைச் சாய்க்கும்போது, "நில்லு நில்லு, இது எந்தா?" என்றார்.

"கொசுறு சார்."

"ஃப்ரீ ஆணோ?"

"ஃப்ரீ இல்லை சார். கொசுறு."

"ரெண்டும் தம்மில் எந்தா வித்தியாசம்?"

"ஃப்ரீன்னா கொடுத்தா சந்தோஷப்படுவாங்க. கொசுறுன்னா கொடுக்கலைன்னா சண்டைக்கு வருவாங்க."

ஆபீசர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். அவருடைய விதிமுறையில் சேலை இருந்தது, சாராயம் இருந்தது, குக்கர்கூட இருந்தது. கொசுறு இல்லை. "வோட்டு கழியும் வரெ இது வேண்டா" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அக்கா கரண்டியை விரலால் வழித்து, தலைதட்டி அளந்தாள். அவ்வளவுதான். வார்டே கொதித்துவிட்டது. விதிமுறை, ஆபீசர் என்று அக்கா சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. "இன்னும் ஜெயிக்கவே இல்லை, அதுக்குள்ள கை சுருங்கிப் போச்சு பாத்தியா?" என்று வாசலுக்கு வாசல் பேச்சு. வருஷக்கணக்காக வாங்கிய கொசுறை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நேற்று வராத கொசுறு மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

நான் பதறிப்போய் ஓடினேன். "அக்கா, ஓட்டு போகுது. பாத்திரத்தை உள்ள வாங்கி, கண்ணுக்குத் தெரியாம ஊத்திரு. யாரு பாக்கப் போறா?"

"சட்டத்தை ஏமாத்திக் கட்டின கக்கூஸ்ல உக்காந்தா நிம்மதியா வருமா அண்ணாச்சி?"

உலகத்தில் எனக்குப் பதில் தெரியாத கேள்விகள் ரொம்பக் குறைவு. இது அதில் ஒன்று. ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு தமிழிலும் மலையாளத்திலும் கத்தினேன். என் மலையாளத்தைக் கேட்டு டீக்கடைகளில் கைதட்டினார்கள். ஆனாலும் அக்கா தோற்றுப்போனாள், கொஞ்ச ஓட்டில். விழுந்த ஓட்டெல்லாம் என் மைக்குக்கு, போனதெல்லாம் அரைக் கரண்டிக்கு.

எண்ணிக்கை முடிந்து அக்காவும் நானும் வெளியே வந்தோம். பஜார் பெண்கள் சிலபேர் கேட்டருகில் நின்றிருந்தார்கள். அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அக்கா ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். சாவி கையில்தான் இருந்தது. அப்போது கழுத்து நிறைய மாலையோடு ரெமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் காதில் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அக்கா, என்டெ வோட்டு அக்கைக்காணு, கேட்டோ."

என் ஓட்டு உங்களுக்குத்தான் என்கிறாள், ஜெயித்தவள்! கல்யாணமான நாளிலிருந்து தன்னிடம் ஒரு கேள்வி கேட்டு, பதில் வருகிற வரைக்கும் யாருமே நின்றதில்லை என்றாள் ரெமா. சொல்லிவிட்டுக் கணவர் கூப்பிட்டதும் ஓடிவிட்டாள்.

மறுநாள் காலையில் அக்கா வழக்கம்போல மாவோடு கிளம்பினாள். கொசுறும் திரும்ப வந்தது. கொசுறு விழுந்த வேகத்தில் ஊருக்கு வெட்கம் வந்துவிட்டது. "நாங்க ஃபுட்பாலுக்குத்தான் குத்தினோம்" என்று வீட்டுக்கு வீடு சத்தியம் பண்ணினார்கள். அந்தச் சத்தியத்தையெல்லாம் எண்ணினால் அக்கா முதல் மந்திரியாகவே ஆகியிருக்கலாம்.

ரெமா வீட்டு வாசலிலும் ஹாரன் அடித்தாள். "டாய்லெட் என்னாச்சு ரெமா?" பழைய கவுன்சிலர் உள்ளேயிருந்து, "ஃபண்டு வரட்டே" என்பார். நாள் தவறாமல் இதே கேள்வி, இதே பதில். கவுன்சில் மீட்டிங்குக்கும் அவரே காரில் கூட்டிப்போய், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, ரெமா எழுந்தால் கண்ணாலேயே உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா சட்டத்தைத் திருத்தினாள். இனிமேல் மீட்டிங் நாளும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் சேரும். கவுன்சிலர் வீட்டுக்கு மட்டும்.

மீட்டிங் நாளில் அவர் பாத்திரத்தோடு கேட்டில் நிற்க வேண்டும். மாவு லேசில் வராது. புகார் கொடுத்த காலத்தில்கூட அக்கா மாவை விடாத நாக்கு அவருடையது. விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. அக்கா தெருவெல்லாம் சுற்றி, ஊர்க்கதையெல்லாம் பேசி, கடைசியாக அவர் வீட்டுக்கு வந்து, "சேட்டா, பாத்திரம் கழுவின மாதிரி இல்லையே, ஒருக்கா கழுவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பும்போது, ரெமா ஆட்டோ பிடித்து எறணாகுளம் கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள்.

முதல் மீட்டிங்கில் எழுந்து நின்றாளாம். இரண்டாவதில் பேசினாளாம். அதற்கப்புறம் அவளை உட்காரவைக்க மேயரே கையெடுத்துக் கும்பிட வேண்டியதாகிவிட்டது என்று கேள்வி. டாய்லெட்டுக்கு ஃபண்டு பாஸாகிவிட்டது. பழைய கவுன்சிலர் இப்போது தோசை நன்றாகச் சுடுகிறார்.

பஜார் முக்கில் கட்டிடம் எழும்பியது. குழாய், விளக்கு, உள்ளே தாழ்ப்பாள், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வாசல் கல்லில் ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் பெயரெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். அக்கா பெயர் கிடையாது. என் செலவில் இன்னொரு கல் வைக்கிறேன் என்றேன். "அந்தக் காசுக்கு ஒரு பக்கெட்டும் சோப்பும் வாங்கி வைங்க" என்று வாயை அடைத்துவிட்டாள்.

கல் எதற்கு? இஞ்சி பொறுக்குகிற பெண்கள் பாதி வேலையில் எழுந்தால், "இருடி, அக்கா வீடு வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்கிறார்கள். மீன்காரச் சேச்சிகளும் மலையாளத்தில் அதையேதான் சொல்கிறார்கள். பஜார் முழுக்க அதற்கு இப்போது அக்கா வீடு என்றுதான் பெயர்.

"எந்தா அண்ணாச்சி இது? நான் உயிரோட இருக்கும்போதே என் வீட்டைக் கக்கூஸ் ஆக்கிட்டாங்களே!" என்று என் கடை வாசலில் நின்று சண்டை பிடித்தாள் அக்கா. முகம் மட்டும் சண்டைக்கு ஒத்துழைக்கவில்லை.

என் மூன்று கடையிலும் என் பெயரை லைட் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அவள் பெயரை இந்த பஜார் சொல்லுகிற மாதிரி, இவ்வளவு அவசரமாக, இவ்வளவு நம்பிக்கையாக, என் பெயரை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.