பெட்ரோல் டேங்குக்கு அரக்கு வைத்த விவரம்

அருப்புக்கோட்டை
2-5-1974

பொள்ளாச்சியில் ஜவுளிக்கடை வைத்துச் சீரோடும் செல்வாக்கோடும் விளங்கி வருகிற அத்தான் சுப்புராஜ் அவர்கள் சமூகத்துக்கு, அருப்புக்கோட்டை மிளகாய் வத்தல் மண்டி சண்முகவேல் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், கஸ்தூரி, மகள் முத்துலட்சுமி மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அவ்விடம் தாங்களும் என் அக்கா சுப்பம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் இந்தக் காலத்தில் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பக் கூடாது என்பதால், சுகம்தான் என்று அக்கா கைப்பட ஒரு கார்டு போடச் சொல்லவும்.

நிற்க. வருகிற வைகாசி பத்தாம் தேதி தங்கள் மகன் தனுஷ்கோடிக்கு என் மகள் முத்துலட்சுமியைப் பரிசம் போட வருவதாக இருக்கிறீர்கள். வர வேண்டாம். அக்கா மகனுக்குப் பெண் இல்லையென்று சொல்கிறானே என்று ஊர் என்னை ஏசும். ஏசட்டும். காரணத்தை மூடி மறைக்கிற வழக்கம் எனக்கில்லை. காரணம் என் கார்.

போன வாரம் மாப்பிள்ளை ஒரு சாக்குப் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். பெண் வீட்டுக்கு வருகிறவன் பூவோ பழமோ கொண்டுவருவான். இவர் கொண்டுவந்தது நத்தை மாதிரி சுருண்டு கிடந்த ஒரு இரும்பு. அணைக்கட்டு வேலையில் ஓடின சீமை மிஷின் ஒன்றைப் பழைய இரும்புக்குப் போட்டபோது அதிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டாராம். பேர் டர்போவாம். இது என்னத்துக்கு மாப்ளே என்று கேட்டேன்.

"ஒங்க வண்டிக்குத்தான் மாமா. சைலன்சர் வழியா வீணாப் போற புகை இருக்குல்ல, அது இந்தச் சக்கரத்தைச் சுத்தும். அந்தப் பக்கத்துச் சக்கரம் காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து நெறைய இருந்தா ஊத்துற பெட்ரோலு மிச்சமில்லாம எரியும். கொஞ்சப் பெட்ரோல்லயே வண்டி இழுத்துரும்."

"சக்கரத்தைச் சுத்துற புகைக்கு நாம என்ன குடுக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம் மாமா, அது சும்மா கெடைக்கிறது."

சும்மா என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக மண்டி நடத்துகிறேன். சும்மா என்று சொல்லிக்கொண்டு வந்தவன் எவனும் தராசுத் தட்டில் விரலை வைக்காமல் போனதில்லை. இருந்தாலும் பெட்ரோல் விலை ஏறின ஏற்றத்தில், பரளச்சிக்கும் வீரசோழனுக்கும் வத்தல் பார்க்கப் போய்விட்டு வந்தால் வத்தலைவிட எனக்குத்தான் அதிகமாகக் காந்துகிறது. அக்கா மகன், படித்தவன், வருங்கால மாப்பிள்ளை, எப்படி மறுப்பது என்று சரி சொல்லிவிட்டேன். மூன்று நாள் வண்டிக்கடியில் கிடந்து அந்த நத்தையை மாட்டினார். பெட்ரோல் வருகிற துவாரத்தையும் சின்னதாக்கினார். நாலாம் நாள் வண்டி கிளம்பியபோது கொக்கரிப்பும் விசிலுமாக ஒரு சத்தம் போட்டது. தெருநாய்கள் அத்தனையும் தபாலாபீஸ் வரைக்கும் பின்னாலேயே வந்தன.

திருச்சுழிக்குப் போய்த் திரும்பி அளந்து பார்த்தோம். ஒரு காலன் பெட்ரோலுக்குப் பதினெட்டு மைல் ஓடின வண்டி முப்பத்தொரு மைல் ஓடியிருந்தது. கஸ்தூரி பாயசம் வைத்தாள். டிரைவர் சங்கையா ரெண்டு டம்ளர் குடித்தான். நான் தொடவில்லை. எனக்கு யோசனை வேறு பக்கம் போயிற்று. ஒரு இரும்பை மாட்டினதால் பெட்ரோல் ஊறுமா? ஊறாது. அப்படியென்றால் இந்த வண்டி எப்போதும் முப்பத்தொரு மைல் ஓடுகிற வண்டிதான். பாக்கிப் பதிமூன்று மைலுக்கு உண்டான பெட்ரோலை இத்தனை காலமும் யாரோ உறிஞ்சியிருக்கிறான். மாப்பிள்ளை வண்டியைவிட்டு நகராமல் கிடந்த மூன்று நாளும் உறிஞ்ச வசதிப்படவில்லை, அதனால்தான் மிச்சம். வண்டியைப் பதினாறு வருஷமாக ஓட்டுகிறவன் யார்? சங்கையா. ரெண்டு டம்ளர் பாயசம் குடித்தவன் யார்? அதுவும் சங்கையாதான்.

நம் மண்டியில் வத்தல் சாம்பிள் பையை வெளியூருக்கு அனுப்பும்போது, வாயைக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, 'ச.வே.' என்று பித்தளை முத்திரை குத்தி அனுப்புவது தாங்கள் அறிந்ததே. வழியில் எவன் கை வைத்தாலும் முத்திரை காட்டிக் கொடுத்துவிடும். வத்தலுக்கே இத்தனை காவல் என்றால் பெட்ரோலுக்கு வேண்டாமா? மறுநாள் டேங்கை நிரப்பி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மூடியின் மேல் நல்ல கோடித் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அரக்குக் கட்டியையும் மெழுகுவத்தியையும் எடுத்துக்கொண்டு போய்த் தீக்குச்சியை உரசப் போனேன். சங்கையா ஒரே ஓட்டமாகத் தெருவுக்கு ஓடினான். மடியில் கனமில்லாதவன் எதற்கு அத்தான் ஓட வேண்டும்? கஸ்தூரி வந்து என் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கி, "ஏங்க, கூரையோட போகணுமா, தனியாப் போனாப் பத்தாதா" என்று சத்தம் போட்டாள். அடுப்படியில் கரண்டியில் உருக்கிக் கொண்டுவந்து, மூடியைச் சுற்றி ஒரு ஈ நுழைய இடமில்லாமல் ஊற்றி, நாலு இடத்தில் முத்திரை குத்தினேன்.

வந்தது பாருங்கள் வினை. முந்தாநாள் பரளச்சி ரோட்டில் எட்டாவது மைலில் வண்டி நின்றது. சுற்றிலும் வெடித்துக் கிடக்கிற கரிசல் காடு, சித்திரை வெயில், நிழலுக்கு ஒரு உடை மரம், அதற்கும் இலையில்லை. மாப்பிள்ளை முன்பக்கம் திறந்து எதையோ கழற்றி ஊதிப் பார்த்துவிட்டு, "பெட்ரோலு வரலை மாமா. டேங்க் மூடியைத் தெறக்கணும்" என்றார்.

"தெறப்பீரு. முத்திரையை ஒடைக்கணும், அப்புறம் எடுத்தது யாருன்னு தெரியாமப் போகணும், அதானே?"

"மொதலாளி, அந்த மூடியிலே..." என்று சங்கையாவும் ஆரம்பித்தான். "மூடியைப் பத்தி ஒரு வார்த்தை பேசினே, நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்" என்றேன். அரைமணி நேரம் வெயிலில் காய்ந்த பிறகு வண்டி தானாகவே கிளம்பிற்று. நாலு மைல் போய் மறுபடி நின்றது. எங்கே நின்றது என்பதைக் கவனியுங்கள். ஒரு டீக்கடை வாசலில். பழுதுபட்டு நிற்கிற வண்டி காட்டில் நிற்கும். டீக்கடை வாசலில் நிற்கிற வண்டி சொல்லிவைத்து நிற்கிற வண்டி. மூன்றாந்தரம் நின்ற ஊரில் சங்கையாவின் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவள் செம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள். மோர் தயாராக இருந்தது எப்படி என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

நேற்று வீரசோழன். அங்கே ஒரு பெரிய வியாபாரி எனக்கென்று சொல்லி வைத்திருந்த வத்தல், நாலு இடத்தில் நின்று நின்று நான் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் வந்த விருதுநகர்க்காரனிடம் கைமாறிவிட்டது. திரும்புகிற வழியில் வண்டி அடியோடு படுத்துவிட்டது. எம்.ரெட்டியபட்டி இருளப்பசாமி தன் உழவு மாடு ரெண்டையும் பூட்டி இழுத்துக்கொண்டு போனான். நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். பருத்திக் காட்டு வேலை முடிந்து வந்த பெண்டுகள் வரிசையாக நின்று பார்க்கிறார்கள். "இது காலனுக்கு எத்தனை மைலுய்யா போகுது?" என்று ஒருத்தி கேட்டாள். "இதுக்குக் காலன் கணக்கு இல்ல தாயி, பருத்திக்கொட்டைக் கணக்குத்தான்" என்று இருளப்பசாமி மாட்டைத் தட்டினான். மண்டிக்காரன் மானம் அந்த ரோட்டில் ஒரு மைல் நீளத்துக்குக் கிடக்கிறது.

இன்று காலை வாசலில் வண்டி பக்கத்தில் நின்றுகொண்டு மாப்பிள்ளை கடைசியாக ஒருதரம் கேட்டார். "மாமா, ஒங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன். ஒரே ஒரு தடவை அந்த மூடியைத் தெறந்து பாப்போம்." எனக்கு எல்லாம் அப்போது விளங்கிவிட்டது. முழுசாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பரிசத்துக்கு முன்னால் வண்டியைப் பாழாக்குவது, இது ஓடாத வண்டி என்று என் வாயாலேயே சொல்ல வைப்பது, அப்புறம் சீரோடு சீராக அதைப் பொள்ளாச்சிக்கு ஓட்டிக்கொண்டு போய் நத்தையைக் கழற்றிவிட்டு ஓட்டுவது. இது சின்னப் பிள்ளையின் மூளைக்கு எட்டுகிற திட்டமில்லை. பின்னால் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். "ஒங்கப்பா சொல்லித்தான் வந்தீரா?" என்று கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை முகம் செத்துப் போயிற்று. "எங்கப்பாவைச் சொல்லாதீக மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மத்தியான மதுரை பஸ்ஸுக்கு நிற்கப் போய்விட்டார்.

சங்கையாவையும் வேலையைவிட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டேன். "பதினாறு வருசம் மொதலாளி" என்றான், சாவியை ஆணியில் மாட்டினான். மாட்டினவன் போக வேண்டியதுதானே? போகவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுகிற நேரம்வரை வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான். எதற்காகத் துடைக்கிறான் என்று யோசித்தால், கைரேகையை அழிக்கிறான் என்றுதான் தோன்றுகிறது. முத்துலட்சுமி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. என்ன கேட்டாலும் அடுப்படியிலிருந்து பாத்திரம்தான் பதில் சொல்கிறது.

ஆகையால் அத்தான் அவர்கள் மன்னித்து, பரிசத்தை இத்தோடு விட்டுவிடவும். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லவும். கூடப் பிறந்தவளை அழ வைக்கிறோமே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, கண்ணுக்கு முன்னால் நடப்பதை நம்பாமல் இருக்க முடியவில்லை. அக்காவுக்கும் தங்களுக்கும் என் கும்பிடு. வீட்டிலுள்ள குழந்தைகள் நோய் நொடியில்லாமல் நன்றாக வளரட்டும். தங்கள் கடை மேன்மேலும் விருத்தியாக இருளப்பசாமி கோயிலில் வேண்டிக்கொள்கிறேன். இது மாட்டுக்காரன் இல்லை, சாமி.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
சண்முகவேல்

பி.கு.: அத்தான், மேலே எழுதினது எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கையெழுத்துப் போட்டு மடித்து, கவருக்கு அரக்கு வைக்கலாம் என்று தேடினால் கட்டி தீர்ந்திருந்தது. இருந்ததெல்லாம் டேங்குக்குப் போயாயிற்று. ஓடாத வண்டிக்கு எதற்குக் காவல் என்று கத்தியோடு போய் மூடியில் இருந்த அரக்கைச் சுரண்டினேன். துணி விலகினதுதான் தாமதம், 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். முங்கிக் கிடந்தவன் தலையைத் தூக்கி மூச்சு இழுக்கிற மாதிரி டேங்க் காற்றை இழுத்தது. நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். சங்கையா துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்: "மூடியிலே பொடி ஓட்டை ஒண்ணு இருக்கு மொதலாளி. பெட்ரோலு கொறையக் கொறைய அது வழியாத்தான் காத்து உள்ள போகும். அதை அடைச்சுப்புட்டா பெட்ரோலு எறங்காது, வண்டி நின்னுரும்."

"இதை முந்தாநாளே சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல வந்தேன். போலீசுன்னீக."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். நான் ஏறுவதற்குள் முத்துலட்சுமி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மதுரை பஸ் போய்க் கால்மணி ஆகியிருந்தது. அத்தான், உங்கள் மகன் மாட்டின நத்தை விசிலடித்துக்கொண்டு இழுத்தது பாருங்கள், ஒரு இடத்தில் நிற்கவில்லை, காரியாபட்டிக்கு இந்தப் பக்கமே பஸ்ஸை மறித்துவிட்டோம். அத்தனை ஜனமும் எட்டிப் பார்க்க, நடு ரோட்டில் நின்று, "தப்பு எம்மேலதான் மாப்ளே, எறங்கி வாரும்" என்று கூப்பிட்டேன். இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை, முத்துலட்சுமியைப் பார்த்தார். அவள் சொன்னது இதுதான்: "அப்பா எழுதி வச்ச கடுதாசி ஒரு வரி அடிக்காம மாமாவுக்குப் போகணும். அப்பா எப்பேர்ப்பட்ட ஆளுன்னு மாமாவும் அத்தையும் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கப்புறமும் பரிசம் போட வந்தா எனக்குச் சம்மதம்." மாப்பிள்ளையும் அது நியாயம்தான் என்கிறார்.

அதனால்தான் முழுசாக அனுப்புகிறேன். சீர் சம்பந்தமாக எழுதின இடத்தைப் படிக்கும்போது அக்கா பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும். வைகாசி பத்தாம் தேதி அவசியம் வரவும். வராமல் இருந்துவிட்டால் நான் இந்த வீட்டில் குடியிருக்க முடியாது. வீடு திரும்பி அளந்ததில் காலனுக்கு முப்பத்திமூன்று மைல் வந்திருக்கிறது. இது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது. எனக்குத் தெரியாமல் யாராவது நம் டேங்கில் பெட்ரோல் ஊற்றுகிறார்களோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதி முடிக்கிறவரை முத்துலட்சுமி என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். கவரையும் அவளே ஒட்டி, அவளே தபாலாபீசுக்குக் கொண்டுபோகப் போகிறாளாம். என் கையில் கொடுத்தால் நடுவில் ஒரு தாளை உருவிவிடுவேன் என்று சந்தேகப்படுகிறாள். யார் மகள், அத்தான்.