துரையின் வாலும் மூன்று நிமிடமும்

எதைச் சொல்ல வாயெடுத்தாலும் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லிவிடுவோமோ என்று ஆயாம்மாவுக்குப் பயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். பிராணிகள் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாகக் கூட்டித் துடைக்கிறாள். வேலை இன்னும் தற்காலிகம். அதனால் துரையின் கதையை யாரிடம் சொன்னாலும், "நான் சொல்றதுல தப்பு இருந்தா ஃபைலைப் பாத்துக்குங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். ஃபைலில் எல்லாம் இருக்கிறது. நடந்தது மட்டும்தான் இல்லை.

துரை என்பது ஒரு நாய். பழுப்பு நிறம், மூன்று வயது. நீளமான வால், ஈரத்துண்டைக் கொடியில் போட்ட மாதிரி தொங்குகிற காதுகள். அந்த வருஷம் ஊரில் அப்படிப்பட்ட நாய்களுக்கு மவுசு போய்விட்டது. வால் கட்டை விரல் அளவுக்கு இருக்க வேண்டும். காது விறைப்பாக நிற்க வேண்டும். அப்போதுதான் அது நாய்.

"எங்க தெருவுல எல்லா நாயும் ஜம்முனு இருக்கு. இவன் மட்டும் காதைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றான். எனக்கு வெளிய தலைகாட்ட முடியல" என்றாள் துரையை வளர்க்கும் அம்மா. "இவனுக்கே உள்ளுக்குள்ள வருத்தம்தான். சொல்ல மாட்டேங்கிறான்."

வாலையும் காதையும் வெட்டிவிட நாய்களோடு ஆட்கள் வரிசையில் நின்றதும் மேலிடம் விழித்துக்கொண்டது. வாயில்லா ஜீவன்களின் தன்மானத்தைக் காக்கும் பொருட்டு, சம்பந்தப்பட்ட நாயின் முழுச் சம்மதம் இல்லாமல் எந்த நாய்க்கும் அழகு அறுவை செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. படித்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். சம்மதம் வாங்குவதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஓர் அறநெறி அலுவலர் வந்து உட்கார்ந்தார். மேசை, முத்திரை, சுவர்க்கடிகாரம் எல்லாம் அவரோடு வந்தன.

நாய் கையெழுத்துப் போடாதே? அதற்கும் விதி இருந்தது. படிவத்தை நாயிடம் வாசித்துக் காட்ட வேண்டும். நாய் வாலாட்டினால் சம்மதம். ஆட்டியதைப் பார்த்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு வேலை இருக்கும் என்பதால் ஆயாம்மாவைப் பிடித்தார்கள்.

துரையை மேசைமுன் நிறுத்தி அலுவலர் வாசித்தார்.

"துரை ஆகிய தாங்கள், தங்கள் வாலை நீக்கிக்கொள்ள யாருடைய தூண்டுதலும் இன்றி, சுயநினைவோடு சம்மதிக்கிறீர்களா?"

துரை அவரைப் பார்க்கவேயில்லை. ஆயாம்மாவின் மேல்சட்டைப் பையைப் பார்த்தது. அதில் காலையில் பாதி தின்று வைத்த பிஸ்கட் இருந்தது. வால் சுழன்று சுழன்று ஆடியது.

"அடேயப்பா, என்ன உற்சாகம்!" என்று அலுவலர் முத்திரையை எடுத்தார்.

"ஐயா... அது பிஸ்கட்டுக்கு ஆட்டுதுங்கய்யா."

"ஏம்மா, படிவத்துல பிஸ்கட்டுன்னு ஒரு கட்டம் இருக்கா, பாருங்க."

ஆயாம்மா குனிந்து பார்த்தாள். இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் வால் போனது. போன வாலைக் குப்பைத் தொட்டியில் போட்டதும் ஆயாம்மாதான். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா துரையை மறுபடி கூட்டி வந்தாள். இந்தமுறை காது. அலுவலர் வாசித்து முடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். ஆட்ட வால் இல்லை. ஆயாம்மாவைக் கண்ட சந்தோஷத்தில் துரையின் இடுப்பு மட்டும் இப்படியும் அப்படியும் நெளிந்தது.

"இடுப்பை ஆட்டறானே, போதாதா?" என்றாள் அந்த அம்மா.

"இடுப்பு வாலாகாது" என்றார் அலுவலர் கண்டிப்பாக. "சம்மதம் சொல்ல வேண்டிய உறுப்பை, நாயே சம்மதிச்சு எடுத்தாச்சு. இது நாய் பண்ண தப்பு."

விஷயம் மேலிடத்துக்குப் போனது. பத்தே நாளில் துணை விதி வந்தது: வாலில்லாத உயிரினங்கள், படிவம் வாசித்து முடித்த மூன்று நிமிடத்துக்குள் மூன்று முறை குரைத்து எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால், அவை சம்மதித்ததாகவே கொள்ளப்படும்.

துரை மூன்றாவது தடவையாக வந்தது. வாசிப்பு முடிந்தது. கடிகாரம் ஓடியது. துரை ஆயாம்மாவின் காலில் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது. அந்தத் தொங்கு காதுகளின் சூடு அவள் பாதத்தில் பட்டது. அவளுக்குத் திடீரென்று ஒன்று ஞாபகம் வந்தது. விளக்குமாற்றைக் கண்டாலே துரைக்கு ஆகாது. அது கதவுக்குப் பின்னால்தான் சாத்தியிருந்தது.

மெல்லக் கையை நீட்டி விளக்குமாற்றை எடுத்துத் தரையில் ஓர் இழுப்பு இழுத்தாள்.

துரை துள்ளி எழுந்து குரைத்தது. ஒன்று. மறுபடியும் குரைத்தது. இரண்டு.

அலுவலர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்மா, உங்க வேலையை நிரந்தரம் பண்ற ஃபைல் எங்கிட்டதானே இருக்கு?"

விளக்குமாறு தானாகவே ஆயாம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனது. துரை அதைத் தேடிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. மூன்று நிமிடம் முடிந்தது.

"ரெண்டு. ஒண்ணு குறையுது. சம்மதம்."

"புத்திசாலி நாய்" என்றார் அறுவைக்குக் காத்திருந்த டாக்டர். "முதல்ல தயங்கி, அப்புறம் நல்லா யோசிச்சு முடிவெடுத்திருக்கு."

கட்டுப் பிரிக்க வந்த அன்று துரையின் காதுகள் கொம்பு மாதிரி நின்றன. ஆயாம்மா முழு பிஸ்கட்டை நீட்டினாள். அது அவள் கையைப் பார்க்கவேயில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இவ்வளவு நாய்களிடம் இவ்வளவு ஒழுங்காகச் சம்மதம் வாங்கிய ஆஸ்பத்திரியை மேலிடம் பாராட்டியது. கூடவே 'மலர்ந்த முகத் திட்டம்' என்று ஒன்றையும் அனுப்பியது. அலுவலர் எல்லா ஊழியர்களையும் கூடத்தில் உட்கார வைத்தார். ஆயாம்மா வாளியோடு ஓரமாக நின்றாள்.

"பொதுமக்கள் வந்தா நம்ம ஆட்கள் உர்ருனு இருக்காங்கன்னு புகார். வாயோட ரெண்டு ஓரத்துலயும் சின்னதா ஒரு தையல். அப்புறம் ஆயுசுக்கும் சிரிச்ச முகம்" என்று டாக்டர் விளக்கினார்.

அலுவலர் படிவத்தை வாசித்தார். முடித்ததும் சுவரை நிமிர்ந்து பார்த்தார். கடிகாரம் ஓடியது.

"நம்மளையா சொல்றாங்க?" என்று கிசுகிசுத்தாள் மருந்து கட்டுகிற பெண்.

"சும்மா இரு. பெரியவங்க யாராவது எந்திரிச்சுக் கேப்பாங்க" என்றார் சீட்டு எழுதுகிறவர்.

எல்லோரும் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தார்கள். ஆயாம்மாவுக்கு மட்டும் அது எந்த மூன்று நிமிடம் என்று புரிந்தது. துரையின் காதைப் பறித்த அதே விதியல்லவா? ஒவ்வொருவர் முதுகாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருவருக்கும் வால் இல்லை.

வாளியைக் கீழே வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு குரைத்தாள். கூடமே திரும்பியது. மறுபடி குரைத்தாள். கண்ணைத் திறந்தபோது அலுவலர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, அந்த ஃபைல்..." என்று ஆரம்பித்தார்.

சுவரைப் பார்த்து நின்ற துரையின் முகம் ஆயாம்மாவுக்கு ஞாபகம் வந்தது. மூன்றாவது முறை ஆஸ்பத்திரியே அதிரக் குரைத்தாள். பின்பக்கக் கூண்டுகளில் இருந்த நாய்களெல்லாம் பதில் குரைத்தன.

கூடம் வயிறு வலிக்கச் சிரித்தது. விதியில் சிரிப்புக்கு இடமில்லை. மூன்று நிமிடம் முடிந்தது. 'எதிர்ப்பு: ஒன்று' என்று எழுதி அலுவலர் முத்திரை குத்தினார்.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து தையல் பட்டியல் வந்தது. அந்த மூன்று நிமிடத்தில் ஒரு தடவைகூடக் குரைக்காத காரணத்தால், பட்டியலில் முதல் பெயர் அலுவலருடையது. இரண்டாவது டாக்டர். அலுவலர் ஆட்சேபித்து நாலு பக்கம் எழுதினார். குரைத்ததற்கு ஆதாரம் இணைக்கவில்லை என்று மனு திரும்பி வந்தது.

இப்போது ஆஸ்பத்திரியில் ஆயாம்மாவைத் தவிர எல்லோருக்கும் மலர்ந்த முகம். செத்த நாயைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வருகிறவர்களையும் மலர்ந்த முகத்தோடுதான் வரவேற்கிறார்கள். ஆயாம்மாவின் ஃபைல் அதே மேசையில், அதே இடத்தில் இருக்கிறது.

எந்த நேரத்தில் எந்தப் படிவத்தை வாசித்திருப்பார்களோ, யாருக்குத் தெரியும்? அதனால் தினமும் காலையில் அலுவலர் அறைக்குக் கூட்டப் போகும்போது, ஆயாம்மா வாசலிலேயே நின்று மூன்று முறை குரைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கிறாள்.

அலுவலர் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். அவருக்கு வேறு வழியில்லை.