கண்ணாடியைச் சரியா வைம்மா

"ஹலோ, நீங்க ஃப்ரீயா?" என்றது ஓர் ஆண் குரல்.

"காலையில ஆறரைக்கு ஒரு இடம் காலி இருக்கு," என்றார் மாஸ்டர். "முன்னாடி ஏதாவது பழக்கம் உண்டா?"

மறுமுனை தயங்கியது. "கொஞ்சம் உண்டு..."

"அதான் கஷ்டம். தப்புத் தப்பாப் பழகியிருப்பீங்க. நான் முதல்லேருந்து சொல்லித் தர்றேன். ஷூ போட்டுட்டு வாங்க, செருப்பு வழுக்கும். கண் டாக்டர் சீட்டு வேணும்."

இணைப்பு அறுந்தது. விடிந்ததிலிருந்து இது ஒன்பதாவது அழைப்பு. இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத்தரும் மாஸ்டரம்மாவுக்கு இப்படி ஒரு கூட்டம் வந்ததே இல்லை.

மருந்துக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரருக்குத்தான் ஏதோ உறுத்தியது. மாஸ்டரின் நம்பரை இணையத்தில் தேடிப் பார்த்தார். எங்கோ ஒரு பக்கத்தில் மாஸ்டரின் படம். கீழே, 'தனியா இருக்கேன், எப்ப வேணும்னாலும் பேசலாம்.' அதற்கும் கீழே நம்பர். போட்டவன் பெயர் 'ஹாரன்'.

"ஏங்க, அப்ப இவங்கள்லாம் கார் ஓட்டக் கூப்பிடலையா?"

"இல்லம்மா."

"ஒருத்தருக்கு நேரமே ஒதுக்கிட்டேனே!" என்றவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து மாஸ்டரின் முகநூல் பக்கத்தைப் பூட்டினார்கள், படங்களை அழித்தார்கள். ஒரு படத்தில் வீட்டுக் கதவின் எண், இன்னொன்றில் தெருமுனைப் பலகை, வேறொன்றில் அவர் நடக்கப் போகும் பூங்கா. தனித்தனியாக எல்லாம் அப்பாவிப் படங்கள். சேர்த்து வைத்தால் யாருக்கும் வீட்டுக்கு வழி தெரிந்துவிடும். கடைசிப் படத்தையும் அழித்துவிட்டு மாஸ்டர் நிம்மதியாக ஜன்னலைத் திறந்தார். வெளியே அவருடைய கார் நின்றது. இரண்டு கதவிலும், பின்புறத்திலும், கூரைப் பலகையிலும் அவருடைய நம்பர், முழ நீள எழுத்தில்.

"இதை எப்படிங்க பூட்டுறது?"

பழைய நம்பரின் மேல் காகிதம் ஒட்டி, புது நம்பர் வாங்கினார். வாங்கியதும் மாணவர்கள் குழுவில் எழுதினார்: 'இது என் புது நம்பர். ரகசியம். யாருக்கும் சொல்ல வேண்டாம்.' குழுவில் இருந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர்.

பத்தே நிமிடத்தில் ஹாரனிடமிருந்து செய்தி வந்தது: 'புது நம்பர் ஞாபகம் வச்சுக்க சுலபமா இருக்கு. நன்றி.'

மறுநாள் காலைப் பாடத்துக்கு வழக்கம்போல இரண்டு பேர். ஒருத்தி பிரேக்கம்மா. ஏதோ ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை என்று சேரும்போது சொன்னவள். பத்தடிக்கு ஒரு தரம் பிரேக் போடுவதால் மாஸ்டர் வைத்த பெயர் அது. மற்றவர் இன்ஷூரன்ஸ்காரர், தொப்பையும் பணிவும் உள்ள மனிதர். மூன்று முறை தேர்வில் தோற்றவர். 'நாலாவது தடவைக்கு நீங்க இன்னும் தயாராகல சார்' என்று போன மாதம்தான் மாஸ்டர் எல்லார் எதிரிலும் சொல்லியிருந்தார். முதல் அரை மணி பிரேக்கம்மா ஓட்ட, அவர் பின் சீட்டில். அவள் தன் ஆபீஸ் மூலையில் இறங்கிக்கொள்ள, அடுத்த அரை மணி அவர் ஓட்டுவார்.

கற்றுத்தரும் காரில் பல சாமான்கள் இரண்டிரண்டாக இருக்கும். மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக், இன்னொரு கிளட்ச். மேலே ஓட்டுகிறவருக்கு ஒரு கண்ணாடி, மாஸ்டருக்கு என்று பக்கத்தில் ஒட்டிய சின்னக் கண்ணாடி. ஓட்டுகிறவரின் கண்ணாடியில் காரின் பின் ஜன்னல் முழுதாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் வண்டி தெரியும். பிரேக்கம்மாவின் கண்ணாடி மட்டும் எப்போதும் கீழே சாய்ந்தே கிடக்கும்.

"கண்ணாடியைச் சரியா வைம்மா! அதுல ரோடு தெரியணும், சாரோட தொப்பை தெரியக் கூடாது," என்று மாஸ்டர் அதை நிமிர்த்தி வைத்தார்.

பின்னாலிருந்து இன்ஷூரன்ஸ்காரர் சிரித்தார். "தொப்பையும் பின்னாடி வர்ற வண்டிதானே மாஸ்டர்?"

'டிங்' என்றது மாஸ்டரின் போன். பிரேக்கம்மா பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி, அன்றைக்கு மூன்றாவது தடவையாக அணைந்தது.

"போன் சத்தத்துக்கெல்லாமா பிரேக் போடுவே?" என்ற மாஸ்டர், படிக்கும் கண்ணாடி எடுத்து வராததால் போனைப் பின்னால் நீட்டினார். "சார், கொஞ்சம் படிங்க."

இன்ஷூரன்ஸ்காரர் படித்தார். "'ஆரஞ்சு ஷால் எடுப்பா இருக்கு. வண்டி ரெண்டாவது தடவை அணைஞ்சு போச்சு போல.' ச்சே! என்ன மனுஷன் மாஸ்டர் இவன்! இவனையெல்லாம் சும்மா விடக் கூடாது."

மாஸ்டர் வெளியே பார்த்தார். பேருந்து நிறுத்தத்தில் செய்தித்தாள் படிப்பவர். மாடியில் துணி காயப்போடும் பெண். சைக்கிளைத் தள்ளிப் போகும் தபால்காரர். எல்லாருமே ஹாரன் மாதிரி இருந்தார்கள்.

"மாஸ்டர், ஒரு விஷயம்..." என்றாள் பிரேக்கம்மா.

"ஓட்டும்போது பேச்சு வேண்டாம். வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு."

அடுத்த நாள் மாஸ்டர் வழியை மாற்றினார். அகலச் சாலையை விட்டுவிட்டுச் சந்து பொந்தாகப் போனார்கள். ஒரு சந்தில் குப்பை வண்டி எதிரே வர, பிரேக்கம்மா கால் மணி நேரம் பின்னால் எடுத்தாள். பின்னால் எடுப்பது அவளுக்கு இன்னும் சொல்லித்தராத பாடம். 'டிங்.' 'புது வழி ஜோர். அந்தக் குப்பை வண்டிக்காரர் ரொம்பப் பொறுமைசாலி.'

காரில்தான் ஏதோ கருவி ஒளித்து வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டி மெக்கானிக்கிடம் விட்டார். சீட்டைக் கழற்றித் தேடியதில் மூன்று பேனா, ஒற்றைக் கம்மல், பாதி பிஸ்கட் கிடைத்தன.

"கம்மலைத் தேடாத இடமில்ல," என்றார் மாஸ்டர். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

வீட்டுக்காரர் இன்னொரு வழி கண்டுபிடித்தார். தெரியாத நம்பர் எதுவானாலும் போனில் மணியே அடிக்காதபடி செய்துவிட்டார். புது நம்பருக்கும் வரத் தொடங்கியிருந்த ஆபாச அழைப்புகள் நின்றன. புது மாணவர்களின் அழைப்புகளும் நின்றன. தேர்வுத் தேதி மாறியதைச் சொல்லக் கூப்பிட்ட அழைப்பும் நின்றது. ஆறு மாணவர்களோடு மாஸ்டர் போய் நின்ற தேர்வு மைதானத்தில் ஒரு ஆடு மட்டும் மேய்ந்தது.

கடைசியில், இணையக் குற்றப் பிரிவின் தளத்தில் புகார் எழுத உட்கார்ந்தார். முதல் கட்டத்திலேயே பெயர் கேட்டது.

"பேர், முகவரி எல்லாம் கேக்குதே. இவங்ககிட்டேருந்து அவனுக்குப் போயிடுச்சுன்னா?"

யோசித்து நிரப்பினார். பெயர்: ஒருத்தி. முகவரி: ஒரு தெரு. நம்பர் கேட்ட இடத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை வரிசையாக அடித்தார். வந்த செய்திகளை மட்டும் ஒன்று விடாமல் இணைத்தார். பதில் வரவில்லை.

மூன்றாம் வாரம் ஹாரன் எழுதினான்: 'நாளைக்கு உன் வீட்டு வாசல் படம், வழியோட போடறேன். கூப்பிட்டவங்க எல்லாரும் நேர்ல வரட்டும்.'

அதை இன்ஷூரன்ஸ்காரர் படித்துக்காட்டியதும் மாஸ்டர் போனை வாங்கிப் பைக்குள் போட்டார். கண்ணாடியைக்கூடத் திருத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் காரின் மேலே ஏறிப் பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"என்ன பண்றே?" என்றார் வீட்டுக்காரர்.

"மூடிடலாங்க. பள்ளிக்கூடமே இல்லேன்னா அவன் எதைப் பத்தி எழுதுவான்?"

"இருபத்திரண்டு வருஷம்மா!"

"கதவைத் தட்டுற சத்தம் கேட்டா ஒளிஞ்சுக்கற மாதிரி ஆயிட்டேனே. அதுக்கு இது தேவலை."

வீட்டுக்காரர் கழற்றிய திருகாணிகளைப் பொறுக்கி எடுத்தார். "சரி. மூடு. மூடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உன் சொந்தப் பேரோட நேர்ல போய்ச் சொல்லிட்டு வா."

மறுநாள் காலை, பாடம் இல்லை என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு, சாட்சிக்கு இருக்கட்டும் என்று கூரைப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இணையக் குற்றப் பிரிவுக்குப் போனார் மாஸ்டர். வாசல் காவலர் பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ள போங்கம்மா. அதிகாரி இருக்காங்க."

மேசைக்குப் பின்னால் சீருடையில் இருந்தவள் அவரைக் கண்டதும் பள்ளிப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றாள்.

"பிரேக்கம்மா! நீயா? கம்ப்யூட்டர் வேலைன்னியே!"

"இதுவும் கம்ப்யூட்டர் வேலைதானே மாஸ்டர். உக்காருங்க."

"அடிப் பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நாலு தடவை சொல்ல வந்தேன். வாயை மூடிட்டு ரோட்டைப் பாருன்னீங்க. ஆபீஸ் போன்லேருந்து ஏழு தடவை கூப்பிட்டேன். உங்க போன்ல மணியே அடிக்கல. எழுதி அனுப்பினா, அதையும் வண்டியில சத்தமாப் படிக்கச் சொல்லுவீங்க. சரின்னு வேலையைப் பாத்தேன்."

"என் புகார்?"

"பேரு 'ஒருத்தி'. இந்த ஆபீஸ்ல ஒரு வாரம் சிரிச்சாங்க. ஆனா, வண்டி ரெண்டு தடவை அணைஞ்சு போச்சுன்னு அதுல ஒரு மெசேஜ் இருந்துச்சே. அணைச்சவளுக்கு அது எந்த வண்டின்னு தெரியாதா?" அவள் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். "அந்தக் கணக்கு யாரோட போன்ல ஓடுதுன்னு கம்பெனிக்காரங்க எழுத்துல குடுக்கணும். இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. ஆளைக் கூட்டிட்டு வரப் போயிருக்காங்க. வாசல் படம் வராது. அந்தப் பலகையைத் திரும்ப மாட்டிடுங்க."

மாஸ்டர் பலகையை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆமா, காகிதம் இன்னைக்குத்தானே வந்துச்சு. ஆள் யாருன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வாரமாத் தெரியும்."

"மூணு வாரமாவா! எப்படி?"

பிரேக்கம்மா கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்: "நீங்க தினமும் நேரா நிமிர்த்தின கண்ணாடியை, நான் தினமும் அந்தத் தொப்பை மேல இருந்த போனுக்கே திருப்பினது எதுக்குன்னு நினைச்சீங்க மாஸ்டர்?"